அன்ரோனெற் டொக்டரின் பிழை

அன்ரோனெற் டொக்டரின் டிஸ்பென்சரியில் பதினொரு வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவன் நான். ஆகவே அவரைப் புகழவும் எனக்கு உரிமை உண்டு, குறை சொல்லவும் உண்டு.

டொக்டர் மன்னாருக்குப் பக்கத்துக் கீரி ஊர்க்காரி. யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் மருத்துவம் படித்து, ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் நித்திரை முழித்துப் பயிற்சி எடுத்து, மன்னாரில் வந்து டிஸ்பென்சரி திறந்தார். "இருதய டொக்டராய் வந்திருக்கலாமே" என்று சொந்தக்காரர் மூக்கைச் சுளித்தார்கள். அவரோ குடும்ப வைத்தியம் படிக்கவென்று கிழமைக்குக் கிழமை கொழும்புக்குப் பஸ் ஏறினார். தடிமன் காய்ச்சல் பார்க்கவும் ஒரு படிப்பா என்று நானே சிரித்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அந்தப் படிப்புக்கு ஒரு கொப்பி நிரப்ப வேண்டும். அதில் தான் விட்ட பிழை ஒன்றையும் எழுத வேண்டும். கூடப் படித்தவர்கள் நோகாத பிழையாகத் தேடி எழுதினார்கள். டொக்டரிடம் பெரிய பிழையே இருந்தது.

எருக்கலம்பிட்டிக் கலந்தர் காக்கா மீன்பிடிகாரர், நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரர். காலையும் இரவும் போடச் சொல்லி டொக்டர் குளிசை கொடுத்திருந்தார். ரமழான் நோன்பு தொடங்கியது. மனிசன் இரண்டு வேளைக் குளிசையையும் விடியமுந்திச் சாப்பிடும் சஹர் சாப்பாட்டோடு ஒன்றாக விழுங்கிவிட்டு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் தோணியடியில் வேலை செய்து, இரத்தத்தில் சீனி இறங்கி விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்தார்கள். டொக்டர் உடனே குளுக்கோஸ் ஏற்றினார். நல்லகாலம், மனிசன் தப்பிவிட்டார்.

"நோன்பு பிடிப்பீங்களோ எண்டு நான் கேக்கேல்லையே" என்று டொக்டர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

அதைத்தான் எழுதப் போவதாகச் சொன்னார்.

"வேண்டாம் டொக்டர். கதை வெளியிலை போனா இஞ்சை ஒருத்தரும் வரமாட்டினம்."

"அவரிட்டைக் கேட்டிட்டுத்தான் எழுதுவன்."

கலந்தர் காக்காவின் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் கதிரை நுனியில் இருந்துகொண்டு, "பிழை என்ரைதான். எழுதட்டோ?" என்று கேட்டார்.

கலந்தர் காக்கா, "எழுதுங்கோ. என்ரை பிழையையும் சேர்த்து எழுதுங்கோ. சொன்னா நோன்பை விடச் சொல்லுவீங்கள் எண்டு பயந்துதான் மறைச்சனான்" என்றார்.

டொக்டர் எழுதினார், சோதனையில் சித்தியடைந்தார். சான்றிதழ் அலுமாரிக்குள் கிடக்கிறது. சுவரில் மாட்டச் சொன்னால் கேட்கிற ஆளில்லை.

அடுத்த நோன்புக்கு இரண்டு கிழமை முந்தி, டிஸ்பென்சரி வாசலில் கலந்தர் காக்கா நின்றார். பின்னால் பன்னிரண்டு பேர். "இவையெல்லாம் சீனி வருத்தக்காரர், நோன்பும் பிடிக்கிறவை. கேளுங்கோ டொக்டர்" என்றார். ஒருவரும் வரமாட்டார்கள் என்று சொன்ன எனக்கு வெட்கமாகிவிட்டது.

டொக்டர் ஒவ்வொருவராக இருத்திக் கேட்டார். பலருக்குக் குளிசை போடும் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். மூன்று பேருக்கு மட்டும் இந்த முறை நோன்பு வேண்டாம் என்றார். மூவரும் ஓம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அதில் ஒருவர் கலந்தர் காக்கா.