செல்வியின் கல்யாணத்தை நிறுத்தியது யார்

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. "நாளைய தலைவர்களே, ஓராண்டு கிராமத்துக்கு வாருங்கள்." படத்தில் குழந்தைகள் நடுவே குந்தி உட்கார்ந்து பல்லிளிப்பது யார் என்று பார்த்தால், நான்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பிளாஸ்டிக் வெயிலில் சூடேறி ஒரு வாடை அடிக்கும். படத்தைப் பார்த்ததும் அது மூக்கில் ஏறிவிட்டது.

கல்லூரி முடித்த கையோடு அந்த ஃபெல்லோஷிப்பில் சேர்ந்தேன். ஒரு வருடம் கிராமம், அப்புறம் ஐ.ஏ.எஸ். பரீட்சை, அப்புறம் கலெக்டர். பரீட்சைக்கு முன்னாலேயே கலெக்டர் மாதிரி காட்டன் புடவை வாங்கி வைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு ஊரில் போட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண்பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது என் வேலை.

ஊர் என்னை நம்பவில்லை. காட்டிலாகா ஆள் என்றார்கள், ரேஷன் கார்டை வெட்ட வந்தவள் என்றார்கள். டீ மட்டும் தவறாமல் வரும். எந்த வீட்டில் கேட்டாலும், "புள்ள மாமன் வூட்டுக்குப் போயிருக்குதுங்க" என்பார்கள். ஒரு தாலுகாவில் இத்தனை மாமன்கள் இருக்க முடியுமா என்று நானும் அவர்களை நம்பவில்லை.

ஒட்டிக்கொண்டது ஒருத்திதான். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப்பெயர் வேறு. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் என் தலை தெரிந்தாலே ஓடிவருவாள். ஒருநாள் வரவில்லை. அந்தப் பக்கம் பெண்ணுக்கு மாப்பிள்ளை முடிவானால் முதலில் அவள் கையிலிருக்கும் போனை வாங்கி வைப்பார்கள். சின்ன வயசுப் பெண் என்றால் பந்தல் கிடையாது, மேளம் கிடையாது. ஓசைப்படாமல் கர்நாடகா பக்கம் ஏதாவது கோயிலுக்கு வண்டி கிளம்பிவிடும்.

கல்யாணம் முடிவான விஷயம் தெரியாமல் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா டீ போட உள்ளே போன நேரம், செல்வி தோழியிடம் நோட்ஸ் கேட்க வேண்டும் என்று என் போனை வாங்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள். திருப்பித் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெளியே வந்து பார்த்தேன். கடைசியாகப் பேசியிருந்தது குழந்தைகள் உதவி எண்ணுக்கு.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். கல்யாணம் நின்றது. ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது.

"எம் புள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டீங்களே. நீங்கதான சொன்னது?" செல்வியின் அம்மா தெருவில் நின்று கேட்டாள்.

கதவுக்குப் பின்னால் செல்வி நின்றிருந்தாள். 'நான் இல்லை' என்று சொன்னால் அடுத்த கேள்வி யாரிடம் போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஆமாங்க, நாந்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு டீ வரவில்லை. அலுவலகத்தில் இதைவிட மோசம், கைதட்டினார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை என்றதைத் தன்னடக்கம் என்றார்கள். ஏசின ஊருக்கும் சரி, மெச்சின அலுவலகத்துக்கும் சரி, அந்தப் பிள்ளைக்கே வாய் இருக்கும் என்று தோன்றவில்லை. பரீட்சையில் முதல் படியே தாண்டவில்லை என்பது தனிக்கதை. புடவைகளைத் தங்கச்சி கட்டிக்கொண்டு திரிகிறாள்.

போன தை மாதம் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் செல்வியைப் பார்த்தேன். நர்சிங் படிக்கிறாளாம். கையில் வெள்ளைக் கோட்டு. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட இருந்த அம்மா என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினாள். செல்வியும் திருப்பிக்கொண்டாள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது வேறென்ன செய்வாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போனாள். செல்வி தனியாகத்தான் நின்றாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. வீட்டில் வருஷக்கணக்காக ஒரே பேச்சைக் கேட்டுக் கேட்டு, அவளும் அதை நம்பிவிட்டாளோ என்னவோ. அன்றைக்குப் போன் பண்ணியது யார் என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதானோ என்று சந்தேகமாக இருக்கிறது.