கழுத்து வரைக்கும் பித்தான்

எங்கள் சலவைக்கடையில் என் அத்தானுக்குப் பட்டப்பெயர் ‘மொடமொட’. அவர் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையைத் தரையில் நிறுத்தினால் தானாக நிற்கும் என்று பேச்சு. அதே கடையில் முன்மேசையில் துணி வாங்கிச் சீட்டுக் கொடுப்பவள் நான். குடியிருப்பதும் அக்கா வீட்டு மாடியறையில்தான். “கடையிலயும் உங்க மூஞ்சி, வீட்லயும் உங்க மூஞ்சி, என்ன பாவம் பண்ணினேனோ” என்பேன். “மச்சினியா பொறந்துட்டியே, அனுபவி” என்பார். அப்படிப்பட்ட வாய் அவருக்கு.

அந்த வாய் இந்தக் கோடையில் மூடிக்கொண்டது.

தேய்க்கும் அறை கடையின் பின்பக்கம், பலகைத் தடுப்புக்கு அந்தப்புறம். நீராவி ஒரு பக்கம், இஸ்திரிப்பெட்டி ஒரு பக்கம். மின்விசிறி இருக்கிறது, பேருக்கு. போட்டால் தெளித்த ஈரம் காய்ந்து துணியில் சுருக்கம் போகாது என்று அத்தான் அதைத் தொடவே மாட்டார். வெயில் ஏறியதும் கழுத்திலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாகக் குரு பொரிந்தது. சொறிந்தார். சொறிந்த இடம் புண்ணானது.

துணி வாங்க வந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். “அவருக்கு என்ன, படையா? எங்க வீட்டுத் துணிய வேற யாராவது தேய்க்கட்டும். சின்னப் புள்ளைங்க இருக்கற வீடு” என்றாள். மெல்லத்தான் சொன்னாள். தடுப்புக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்காது என்றே நினைத்தேன். கேட்டிருக்கிறது.

மறுநாளிலிருந்து முழுக்கைச் சட்டை. கஞ்சி போட்ட காலர். கழுத்து வரைக்கும் பித்தான். உள்ளே அப்பி அப்பிப் பவுடர். “என்ன அத்தான், பொண்ணு பார்க்கப் போறீங்களா?” என்று கிண்டலடித்தேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் துண்டைத் தனியாக வைத்துக்கொண்டார், சோப்பையும் தனியாக. கூடத்தில் படுக்காமல் வாசலறைக்குப் போய்விட்டார். அவர் குறட்டையிலிருந்து தப்பித்தோம் என்று அக்கா சந்தோஷப்பட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். முதல் பேத்தி. “தூக்குங்கப்பா” என்று நீட்டினாள். அத்தான் இரண்டடி பின்னால் போனார். “கை சூடா இருக்கும்மா. இப்பதான் பெட்டியை வெச்சிட்டு வர்றேன்.” மறுநாள் வேறொரு சாக்கு. அதற்கு மறுநாள் சாக்கும் இல்லை, குழந்தை இருக்கும் அறைப்பக்கமே வரவில்லை.

அக்காவால் சும்மா இருக்க முடியுமா? “பொம்பளப் புள்ளன்னுதான் தூக்கலையா? வெளிய சொன்னா வெக்கக்கேடு” என்று ஒருநாள் வெடித்துவிட்டாள். அவர் வாசலறைக்குப் போய்விட்டார். உள்ளே இருந்த மகள் அதைக் கேட்டாள். அப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்திருப்பாள் போல. பிறகு எழுந்து பையில் துணியை அடுக்க ஆரம்பித்தாள். “ஞாயித்துக்கிழமை கிளம்பறேன் சித்தி. பிடிக்காத வீட்ல எதுக்கு இருக்கணும்?” என்றாள். எனக்கு அத்தான் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என்ன மனுஷன் இவர் என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் நடந்துகொண்டிருந்தது. குழந்தையின் துணிகளை எல்லாம் அவரே கடைக்கு எடுத்துப் போவார். சாயங்காலம் அடுக்கிக் கொண்டுவந்து அறை வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொன்றும் காகிதம் மாதிரி நிற்கும். “தூக்கத்தான் மனசில்ல, இதுலயாவது குறை வைக்கலயே” என்று அக்கா அதிலேயே குழந்தையைச் சுற்றிக் கட்டுவாள். உடம்பு பூரா எண்ணெய், தலைக்குக் குல்லா, சன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள். காற்றுப் பட்டால் சளி பிடிக்குமாம்.

சனிக்கிழமை காலையில் குழந்தை வீறிட்டது. கழுத்து மடிப்பு, முதுகு, இடுக்கு எல்லாம் சிவந்து பொரிந்திருந்தது. அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்த அத்தானின் முகத்தில் ரத்தமே இல்லை. “நான் ஒரே ஒரு தடவை... நீங்கல்லாம் தூங்கும்போது... ஒரு விரலால பாப்பா காலைத் தொட்டேன்” என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

எல்லோருமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா குழந்தையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். “வேர்க்குருதான். பயப்பட ஒண்ணுமில்ல. வேர்வை வர்ற துவாரம் அடைச்சுக்கிச்சு. வெளிய வர முடியாத வேர்வை தோலுக்குள்ளயே நின்னு குருவா பொரியுது. இத்தனை எண்ணெய், இத்தனை சுத்து, அடைச்ச ரூமு. பெரியவங்களே தாங்க மாட்டாங்க.” பச்சைத்தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள், காற்றாட விடுங்கள், பவுடர் வேண்டாம், காய்ச்சல் வந்தாலோ சீழ் வைத்தாலோ உடனே தூக்கி வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சுற்றியிருந்த துணியைக் கையில் எடுத்தார். மேசை மேல் தட்டினார். சத்தம் வந்தது.

“யாரு இதுக்குக் கஞ்சி போட்டது? பச்சைப் புள்ளைக்கு அட்டையையா சுத்துவாங்க?”

கதவோரம் நின்ற அத்தான், “நான்தாம்மா” என்றார். “பெட்டிச் சூட்டுல எந்தக் கிருமியும் நிக்காது. என் கை பட்டாலும் துணி சுத்தமாயிடும்னு...”

“உங்க கைக்கு என்ன?”

அத்தானின் கை காலருக்குப் போனது. டாக்டரம்மா எழுந்து போய்க் காலரைப் பார்த்தார். “பித்தானைக் கழட்டுங்க” என்றார். அத்தான் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழுத்தைச் சுற்றிக் காலர் அறுத்த தழும்பு, நெஞ்செல்லாம் பவுடர் ஊறிக் கட்டிய புண். என் வாயால் அடித்த கிண்டல்கள் எல்லாம் அப்போது எனக்கே திரும்பி வந்தன.

“இதுவும் அதேதான். இது ஒட்டாது. யாருக்கும் ஒட்டாது” என்றார் டாக்டரம்மா.

அத்தான் அந்தத் துணியை வாங்கினார். தன் கழுத்துப் புண்ணின் மேல் வைத்து அழுத்தினார். முகம் சுளித்துப் போனது. “எனக்கே இப்படிக் குத்துது. அவளால சொல்லக்கூட முடியாதே” என்று கூனிக் குறுகி நின்றார். ஐம்பது வயது ஆள் அவ்வளவு அவமானப்பட்டு நான் பார்த்ததில்லை. தொடாமலே இருந்து காப்பாற்றியதாக நினைத்தவர், துணி வழியாக அல்லவா தொட்டிருக்கிறார்.

“இதுக்காப்பா தூக்கல?” என்று மகள் கேட்டாள். அவர் ஆமென்று தலையை மட்டும் அசைத்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “வாயத் திறந்து சொன்னா என்னப்பா? நான் பையெல்லாம் கட்டிட்டேனே.”

“எப்படிம்மா சொல்றது?”

குழந்தையை வெற்று உடம்போடு எடுத்து அவரிடம் நீட்டினாள். அத்தான் டாக்டரம்மாவைப் பார்த்தார். “ஒட்டாதுன்னு இன்னொரு தடவை சொல்லுங்கம்மா.” டாக்டரம்மா சொன்னார். பிறகுதான் அத்தான் கை நீட்டினார், தேய்த்த சட்டையை ஏந்துவதுபோல, இரண்டு முழங்கையையும் விறைப்பாக, உடம்பில் படாமல்.

“கசங்க மாட்டாப்பா” என்றாள் மகள். “கிட்ட வெச்சுக்கோங்க.”