பன்னிரண்டு சொற்களுக்கு ஒரு குறுக்குவழி

தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில், ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிற, அரசு வேலைத் தேர்வுக்கான பி.எஸ்.சி. கோச்சிங் சென்டரில் தாணுமாலயனுக்குக் கோட் சார் என்று பேர். ஆறுகள், அணைகள், சட்டப் பிரிவுகள் எதுவானாலும் முதலெழுத்துகளைக் கோத்து ஒரு கிறுக்குக் கதையாக்கிப் பிள்ளைகளின் மண்டையில் இறக்கிவிடுவார். அதற்குத்தான் அங்கே கோட் என்று சொல்வார்கள். கதை எவ்வளவு கிறுக்கோ அவ்வளவு மறக்காது என்பது அவர் கட்சி. "சாரு கடைக்குப் போனா உப்புக்கும் புளிக்கும் கோட் வச்சிருப்பாரோ" என்று பின்பெஞ்சில் கேலி நடக்கும். "அதுக்கு வீட்டுல ஆளிருக்கு மக்கா" என்பார்.

ஆள் என்றது மனைவி செண்பகவல்லியை. சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் இருபது வருஷத்துக்கு மேல் பில் போட்டவள். போன வருஷம் வந்து குத்துவிளக்கு வாங்கிப் போனவர் மறுபடி வந்தால், "திரி போடுற தட்டு ஆடிச்சே, சரியாச்சா?" என்று கேட்பாள். அவளுக்கு நோய் வரும்வரை தாணுமாலயன் வீட்டுச் சாமான் ஒன்றையும் எழுதி வைத்து வாங்கியதில்லை.

அவருடைய அப்பா பூதப்பாண்டியிலிருந்து அதே சாலைக் கடைத்தெருவுக்குக் கணக்கெழுத வந்தவர். தாணுமாலயன் பிறந்ததும் படித்ததும் மணக்காட்டில்தான். வாலிபத்தில் அவரும் தேர்வு எழுதினார். ராங்க் லிஸ்டில் பேர் வந்தது. நியமனம் ஒவ்வொரு நம்பராக இறங்கி வந்து, அவருக்குச் சற்று முன்னால் நின்றது. லிஸ்டின் காலம் முடிந்துபோயிற்று. யார் பிழையுமில்லை, அது அப்படித்தான். ஆனால் அன்றைக்குப் பிறகு, உள்ளே நிற்பது வேறு, வெளியே விழுவது வேறு, நடுவில் இருப்பது ஒரு மயிரிழை என்ற பயம் அவர் எலும்பில் ஏறிவிட்டது.

செண்பகவல்லிக்கு மார்பில் கட்டி வந்தபோது அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் நடந்து, அவள் கடைக்குத் திரும்பிப் போனாள். ஹெர்-டூ என்கிற வகைப் புற்று. அதற்கென்றே இருக்கும் ஊசியில் உடம்பில் நோய் அடங்கியிருந்தது. சில வருஷம் கழித்து ஒருநாள் கடையிலேயே கை வெட்டி இழுத்து விழுந்தாள். படம் எடுத்தால் மூளையில் புள்ளிகள். தலை முழுக்கக் கதிர் வைத்தார்கள். பிறகு டாக்டர் ராகேல் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். அவள் பாறசாலைக்காரி, இவர்களிடம் தமிழில்தான் பேசுவாள்.

"ஊசி மருந்து மூளைக்குள்ள போறது கஷ்டம். இந்த மாத்திரை போகும்னு ஒரு எதிர்பார்ப்பு இருக்கு. எல்லாருக்கும் கேட்குமான்னு தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஆய்வு. மனசிருந்தா சேருங்க. எப்ப வேணாலும் விலகலாம்."

சம்மதப் பத்திரத்தைத் தாணுமாலயன் வினாத்தாளைப் படிப்பதுபோல் படித்தார். நடுவில் ஒரு வரியில் கண் நின்றது. நோய் கூடுவது தெரிந்தால் ஆய்வு மருந்து நிறுத்தப்படலாம். மற்ற வரிகளெல்லாம் மறந்துபோயின.

ஆய்வில் சேர்ந்த முதல் நாள் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் ஆய்வுப் பிரிவின் ஆர்ஷா ஒரு சிறு அறைக்குள் செண்பகவல்லியைக் கூட்டிப்போனாள். கூட வந்தவர்கள் வெளியே. கதவு சரியாகச் சாத்தவில்லை.

"சேச்சி பேடிக்க வேண்டா. ஞான் பன்னிரண்டு வாக்கு வாசிக்கும். ஓர்மையுள்ளது சொன்னா மதி."

பயப்படாமல் நினைவிருப்பதைச் சொன்னால் போதுமாம். தமிழில் எழுதியிருந்த சொற்களை மலையாள வாயால் வாசித்தாள். குதிரை, குடம், கூரை, முயல், கரண்டி, ஜன்னல். இப்படிப் பன்னிரண்டு. மூன்று தடவை வாசித்தாள். கொஞ்ச நேரம் கழித்து வாசிக்காமலே கேட்டாள். செண்பகவல்லி தடுமாறித் தடுமாறிச் சொல்வது வெளியே கேட்டது. பெஞ்சில் இருந்த தாணுமாலயனுக்கு முதல் வாசிப்பிலேயே பன்னிரண்டும் ஏறிவிட்டன. அவர் தொழில் அது. அவளுக்கு ஏறவில்லை என்பதும் தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போது கேட்டார்: "எட்டி, எத்தனை சொன்னே?"

"எண்ணவா செய்தேன். நீங்க என்ன, ரிசல்ட்டு கேக்குத மாதிரி கேக்கியோ?"

"இல்ல, சும்மா."

சும்மா இல்லை. மறதி என்றால் நோய் கூடியதாக எழுதுவார்கள், எழுதினால் மாத்திரை நிற்கும், நின்றால் அவ்வளவுதான். இந்தக் கணக்கை அவர் யாரிடமும் சரிபார்க்கவில்லை. மறுநாள் விளக்கு வைத்த பிறகு அவளை உட்காரவைத்துத் தொடங்கினார்.

"குதிரை குடத்தைத் தூக்கிக்கிட்டுக் கூரைமேல ஏறிச்சு. அங்க ஒரு முயலு, கையில கரண்டி, ஜன்னல்ல எட்டிப் பாக்கு."

"முயலுக்கு எதுக்குக் கரண்டி?"

"சாம்பார் விளம்ப."

அவள் சிரித்தாள். நோய் வந்த பிறகு அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அதனால் அது தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த தடவை போனபோதும் அதே பட்டியல்தான். தமிழில் அப்போது அது ஒன்றுதான் தயாராகியிருந்தது. செண்பகவல்லி பன்னிரண்டையும் வரிசை பிசகாமல் சொன்னாள். ஆர்ஷா வெளியே வந்து, "சேச்சி பயங்கர ஸ்மார்ட்டாணு, சாரே" என்றாள். ஸ்கேனிலும் புள்ளிகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. திரும்பும்போது தாணுமாலயன் கிழக்கேகோட்டையில் இறங்கி அவளுக்கு முல்லைப்பூ வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. பால் பொங்கி அடுப்பு அணைந்து, காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. குளித்து மாற்றிய துணியோடு மறுபடி குளிக்கப் போனாள். ஒருநாள் தட்டில் சோற்றின் வலப்பாதியைத் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். இடப்பாதி அப்படியே இருந்தது. தாணுமாலயன் தட்டைத் திருப்பி வைத்தார்.

அந்த நேரங்களில் அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். "குதிரை?" என்பார். "குடம், கூரை, முயலு" என்று அவள் கடகடவென்று ஓட்டுவாள். அவர் மூச்சு இறங்கும். சொற்கள் வருகின்றன அல்லவா, அப்படியென்றால் உள்ளே குழப்பமில்லை. பரீட்சையை ஏமாற்றத் தான் செய்த உபாயத்தைத் தானே நம்பத் தொடங்கியிருந்தார். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பதுபோலச் சாப்பிடும்போது கேட்டார், பஸ்ஸில் கேட்டார், அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்.

கடையில் கூட வேலை செய்கிற ஷீனா ஒருநாள் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, அக்காகிட்ட சொல்லண்டாம் கேட்டியளா. இன்னைக்கு ஒருத்தருக்கு மூணு குக்கருக்கு ஒரு குக்கருன்னு பில்லு போட்டாங்க. நேத்தும் இதே மாதிரி. முதலாளி ஒண்ணும் சொல்லல்ல. ஆனா அக்கா இப்படிச் செய்ய மாட்டாங்களே."

"உறக்கம் சரியில்ல, ஷீனா. அதனாலதான்."

"டாக்டர்கிட்ட சொன்னியளா?"

"சொல்லணும்."

சொல்லவில்லை. அடுத்த சந்திப்பு வரும்வரை, கோச்சிங் சென்டரில் அவர் போட்ட கோட்கள் பாதியில் நின்றன. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தார்கள், கேலி செய்யவில்லை.

மூன்றாம் தடவை போன அன்று மழை. ஆர்ஷா கதவைச் சாத்தவில்லை, ஈரத்தில் உப்பிக் கதவே சாத்த வரவில்லை. தாணுமாலயன் அதே பெஞ்சில் இருந்தார். உள்ளே வாசிப்புத் தொடங்கியது.

மாம்பழம். சட்டை. ரயில்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். பட்டியல் வேறு. புதிது. போய்த் தடுக்கலாமா, தலைசுற்றல் என்று சொல்லலாமா, இன்னொரு நாள் கேட்கச் சொல்லலாமா. அவர் தீர்மானிப்பதற்குள் ஆர்ஷா வாசித்து முடித்து, "இனி சேச்சி சொல்லு" என்றாள்.

பிறகு செண்பகவல்லியின் குரல், தெளிவாக, தயங்காமல்: "குதிரை, குடம், கூரை, முயல், கரண்டி, ஜன்னல்."

பன்னிரண்டையும் சொல்லி முடித்தாள். ஆர்ஷா மெல்ல, "சேச்சி, இது ஞான் இப்போ வாசிச்சதல்லல்லோ" என்றாள்.

"இல்லையா?"

"இல்ல."

"அப்ப நீ என்ன வாசிச்சே?"

அந்தக் கேள்வியைத்தான் தாணுமாலயனால் தாங்க முடியவில்லை. அவள் குரலில் பயம் இல்லை. பில்லில் பிசகு வந்தால் வாங்கினவரிடம் கேட்பாளே, அப்படிக் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இருவரையும் டாக்டர் ராகேல் அறைக்கு அழைத்தார்கள். ராகேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

"சாரு வீட்டுல சொல்லிக் குடுத்தியளா?"

"கொடுத்தேன்."

"எதுக்கு?"

"மார்க்கு குறைஞ்சா ஆய்வுல இருந்து எடுத்திருவாங்கன்னு. மாத்திரை நின்னுருமேன்னு."

ராகேல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இதுல பாஸும் இல்ல, பெயிலும் இல்ல. குறைஞ்சா எடுக்க மாட்டோம். ஏன் குறையுதுன்னு பாப்போம். காய்ச்சல் பாக்குற கம்பியைத் தண்ணியில முக்கி எடுத்து, காய்ச்சல் இல்லேன்னு சொன்ன மாதிரி ஆயிப்போச்சு சாரே. போன தடவை மார்க்கை நான் கணக்குல சேக்க முடியாது. அது போகட்டு. வீட்டுல என்னெல்லாம் பாத்தியோ, அதைச் சொல்லுங்க. ஒண்ணும் விடாம."

தாணுமாலயன் மனைவியைப் பார்த்தார். அவள் எதிரில் வைத்து அவள் தவறுகளைச் சொல்வதா? அவள் முந்தானையை மடியில் நீவிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னார். காஸ். குளித்தது. தட்டின் இடப்பாதி. மூன்று குக்கருக்கு ஒரு பில். எந்தக் கோட்டும் இல்லாமல், வரிசை மாறி, ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று நினைவு வந்து, சொல்லி முடித்தார்.

"அவ்வளவுதானா?" என்று ராகேல் கேட்டாள்.

"இவங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு" என்றாள் செண்பகவல்லி. "கோட்டைக்கிட்ட ரோடு கடக்கும்போது இந்தப் பக்கம் வர்ற பஸ்சு எனக்குத் தெரியாது. ஆரனடிச்சாத்தான் நிப்பேன்." இடக்கையைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள்.

"எப்பயிருந்து?"

"ஓணத்துக்கு முந்தியே."

தாணுமாலயன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஓணம் முடிந்து எவ்வளவு காலமாகிறது. தினமும் காலையில் அந்த வீதியை அவள் ஒற்றைக்குத்தான் கடந்து போனாள். "எங்கிட்டே ஏன் சொல்லல்ல பிள்ளே?"

"சொன்னா அதுக்கும் ஒரு கோட் போடுவியோன்னுதான்."

ராகேல் சிரித்துவிட்டாள். பிறகு உடனே போனை எடுத்து, அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க ஏற்பாடு செய்யச் சொன்னாள்.

பழைய புள்ளிகள் சுருங்கித்தான் இருந்தன. பின்மண்டையில் வலப்புறம் புதிதாக ஒன்று, சுற்றிலும் நீர்வீக்கம். இடப்பக்கப் பார்வையை அது தின்றுகொண்டிருந்தது. வீக்கம் வடிய மருந்து, அந்த ஒன்றுக்கு மட்டும் குறிவைத்துக் கதிர். உடம்பில் வேறெங்கும் கூடாததால் மாத்திரையைத் தொடரலாம், ஆய்வின் விதியிலேயே அதற்கு இடம் இருந்தது. அந்த விதி சம்மதப் பத்திரத்திலும் இருந்தது, தாணுமாலயன் கண் நின்ற வரிக்கு அடுத்த வரியில்.

பார்வை பாதிதான் திரும்பியது. கடைக்கு அவளைக் கைப்பிடித்துக் கொண்டுவிட்டு, மாலையில் போய்க் கூட்டிவந்தார். பில் போடும்போது ஷீனா பக்கத்தில் நின்றாள். வீட்டில் அவர் அவளை ஒன்றும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டார். நாக்கு நுனிக்குக் குதிரை வந்து நிற்கும், விழுங்கிவிடுவார். கேட்காமல் இருக்கிற பயம் கேட்கிற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த சந்திப்பில் ஆர்ஷா அவளை உள்ளே அழைத்ததும் அவர் பெஞ்சை விட்டு எழுந்து, வராந்தா முழுக்க நடந்து, படியிறங்கி, கேன்டீனில் போய் ஒரு சாயா வாங்கிவைத்துக் குடிக்காமல் இருந்தார். பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. சாயா ஆடை கட்டியது.

திரும்பி வந்தபோது செண்பகவல்லி பெஞ்சில் இருந்தாள். அவர் அவளுடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். அங்கே இருந்தால்தான் அவளுக்குத் தெரியும்.

"ஏழு" என்றாள். "இந்தத் தடவை எண்ணினேன்."

"நான் கேக்கல்லியே."

"கேக்காமலே உங்க மூஞ்சி கேக்குது." பையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "ஏழும் அந்தப் பிள்ளை வாசிச்சதுதான்."

இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு தேர்வுக்கும் கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்டவுடன் சொல்கிறவர் தாணுமாலயன். ஏழு போதுமா, குறைவா, போன தடவையைவிட மேலா கீழா என்று அவருக்குத் தெரியவில்லை. ராகேலிடம் கேட்கலாம் என்று திரும்பினார். செண்பகவல்லி அதற்குள் படியை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். இடப்பக்கம் கைப்பிடி இல்லாத படி. அவர் ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.