ஆற்றங்கரை வசந்தி அக்கா

வசந்தி அக்கா போய்விட்டார்.

இன்று காலை அவருடைய மகள் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில், தூக்கத்திலேயே... கொஞ்ச காலமாக உடம்புக்கு முடியவில்லை என்று தெரியும். ஆனாலும் டைப் செய்யக் கை வரவில்லை.

இல்ஃபோர்டில் பாதிப் பேருக்கு அவர் பியூட்டி பார்லர் வசந்தி. கல்யாணப் பெண் அலங்காரம், ஐப்ரோ, ஹேர் கட். எனக்கு அவர் ஆற்றங்கரை வசந்தி அக்கா. அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்து ஓடையைப் பார்த்துக்கொள்கிற வாலன்டியர் குரூப்பில் நான் இருக்கிறேன். ஒருநாள் ஐப்ரோ எடுக்கப் போய், கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஓடையில் வாட்டர் வோல் காணாமல் போய்க்கொண்டிருந்தது. பார்க்கக் குண்டு எலி மாதிரி இருக்கும், ஆனால் எலி இல்லை. மழுங்கின மூக்கு, ரோமத்துக்குள் ஒளிந்த காது. கரையில் வளை தோண்டிக்கொண்டு, புல்லைத் தின்றுகொண்டு தன்பாட்டுக்கு வாழும். இந்த இங்கிலீஷ் மண்ணின் பிராணி.

அதைத் தின்பது மிங்க். கீரி மாதிரி ஒல்லியாக, கறுப்பாக இருக்கும். தோலுக்காக அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து இங்கே பண்ணைகளில் வளர்த்தார்கள். தப்பியவை ஆறெல்லாம் பரவிவிட்டன. வளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளைக் கூட விடாது.

கூண்டு வைப்பது என்று குரூப்பில் முடிவாகிவிட்டது. ஆனால் பிடிபட்ட மிங்கைத் திரும்ப வெளியே விடச் சட்டத்தில் இடமில்லை. கொல்லத்தான் வேண்டும். அந்தக் கூண்டுக்குப் பொறுப்பாக நிற்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஐப்ரோவில் ஓடிக்கொண்டிருந்த நூல் நின்றது.

"என்ன, மிங்கோ? எனக்கு அதைத் தெரியும் கலா. இஞ்சை வர முன்னம், டென்மார்க்குக்குப் போன புதுசில மிங்க் பண்ணையிலதான் எனக்கு வேலை. கூடு கழுவிறது, தீன் வைக்கிறது... நான் வாறன்."

"அக்கா, கொல்லணும்க்கா..."

"ஓம், விளங்குது. வாறன் எண்டு சொல்லிட்டன் தானே."

வந்தார். லிப்ஸ்டிக், தங்கத் தோடு, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ்!

மிதவை ஒன்றின் மேல் கூண்டு. கதவு விழுந்தால் அவர் போனுக்கு மெசேஜ் வரும். உடனே போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் மெசேஜ் வந்தபோது பார்லரில் கல்யாணப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் முடிந்திருந்தது. மற்றது பாக்கி.

"கண்ணைத் திறக்காதையம்மா, இந்தா வந்திட்டன்!" என்று ஓடிவந்து என் காரில் ஏறினார். பின்னால் பெண்ணின் அம்மா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

போய்ப் பார்த்தால் கூண்டுக்குள் மிங்க் இல்லை, ஒரு நீர்க்கோழி. நனைந்து, கோபத்தில். திறந்துவிட்ட கையையே கொத்திவிட்டு ஓடியது. விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரும்பிப் போய் அக்கா அடுத்த கண்ணை முடித்தார். ஆல்பத்தில் அந்தப் பெண் அவ்வளவு அழகு!

பிறகு நிஜமாகவே மிங்க் விழுந்தது.

எங்கள் குரூப்பில் டேவிட் என்று ஒருவர், ரிட்டயர்ட் பிளம்பர். சுடப் பயிற்சி எடுத்தவர். அவர் துப்பாக்கியோடு வந்து சேரும்வரை அக்கா தன் ஷாலை எடுத்துக் கூண்டின் மேல் போர்த்திவிட்டார். "இருட்டா இருந்தால் பதறாது. பண்ணையில பாத்தனான்."

வேண்டுமானால் அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் என்று டேவிட் சொன்னார். அக்கா அசையவில்லை. கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏன் அக்கா என்று காரில் கேட்டேன்.

"பாக்காமல் விட்டால் இது லேசான வேலையாப் போயிடும் கலா. லேசாப் போகக் கூடாது."

விஷயம் கோயில் வரை போனது. அன்னதானத்தில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த அக்காவிடம் வரிசையில் நின்ற ஒரு அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "வசந்தி, நீங்கள் விரதம் பிடிக்கிற ஆள். இப்பிடி உயிரைக் கொல்லலாமோ?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"பாவம்தான். இல்லை எண்டு நான் சொல்லேல்லை. மிங்கில ஒரு பிழையும் இல்லை, கொண்டுவந்து விட்ட மனுசரிலதான் பிழை. ஆனால் ஓடையில இருக்கிற அதுகளுக்குப் போக வேற இடம் இல்லை. அந்தப் பாவத்தை நான் எடுக்கிறன்."

திரும்பக் கரண்டியை எடுத்து, அந்த அம்மாவுக்கே முதலில் சோறு போட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. அக்காவுக்கு அது வலித்தது, எனக்குத் தெரியும். ஆனாலும் கூண்டை விடவில்லை. மழை, பனி, பார்லரில் கூட்டம்... எதற்கும் விடவில்லை.

மெதுவாக மிங்க் வருவது நின்றது. தடம் பதிவதற்காக மிதவையில் வைத்த களிமண்ணில் கால்தடமே இல்லை.

போன வசந்த காலத்தில் இரண்டு பேரும் கரையில் நடந்துகொண்டிருந்தோம். தண்ணீரில் 'பொளக்' என்று ஒரு சத்தம். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

எதிர்க்கரையில், முன்னங்கால் இரண்டாலும் புல்லைப் பிடித்துக்கொண்டு, கொறித்துக்கொண்டு... ஒரு குட்டி வாட்டர் வோல்.

"வந்திட்டினம்," என்றார் மெதுவாக.

நான் கோயம்புத்தூர்க்காரி. ஆனாலும் 'வந்துவிட்டார்கள்' என்கிற அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தார் மனிதர்களுக்குத்தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நிமிடமே மகளுக்கு வீடியோ கால். "அம்மா, நான் மீட்டிங்ல!" "மீட்டிங் கிடக்கட்டும், இஞ்சை பாரடி!" என்று அவர் கத்தியதில் வோல் மறுபடி தண்ணீருக்குள் பாய்ந்தது.

இத்தனை பெருமையாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவரைத் தெரியும் என்பதே எனக்கும் அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இன்றும்தான்.

மத்தியானம் வீட்டில் இருக்க முடியாமல் ஓடைக்குப் போனேன். கரையில் ஒரு புது வளை. வாசலில் இப்போதுதான் கடித்துப் போட்ட மாதிரி புல், பச்சையாக.

வீட்டில் ஆள் இருக்கிறது அக்கா. நீங்கள் போய்வாருங்கள்.