வெட்டுப்பட்ட ஜீப்பும் மூன்று நாட்டு டிஸ்க்குகளும்

சினிமா டிஸ்க் கடை வைத்தவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: எந்த ஊரில் எவன் படத்தை வெட்டினாலும், கத்தரிக்கோல் நம் கையில்தான் இருந்தது என்று ஊர் நம்பும். குன்னூரில் என் கடை இப்போது முக்கால்வாசி ஜெராக்ஸ் கடை. ஆனாலும் சிக்னல் எட்டாத எஸ்டேட்களுக்கு டிஸ்க் இன்னும் போகிறது, அதோடு திட்டும் வருகிறது. என்னைப் போலவே டிஸ்க் கடை வைத்துத் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெடிக்காத குண்டு

வெடிமருந்துத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருக்கும் ஒருவர் சண்டைப் படம் தவிர வேறு எதையும் தொடமாட்டார். ஒரு திங்கட்கிழமை காலை டிஸ்க்கை மேஜையில் டொக்கென்று வைத்தார். வில்லன் குடோனுக்குள் போகிறானாம், அடுத்த காட்சியில் அவன் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறதாம். நடுவில் என்ன ஆச்சு என்று என்னைக் கேட்கிறார், நான்தான் கொலை செய்தது மாதிரி.

ஒரே படம் நாட்டுக்கு ஒரு மாதிரி வரும் என்று பொறுமையாகச் சொன்னேன். நம்மூர் கம்பெனி டிஸ்க்கில் அடைக்க இடமில்லை என்று சண்டையைக் குறைக்கும், மலேசியாவுக்குப் போவதில் ரத்தம் இருக்காது, ஐரோப்பாவுக்குப் போவது வேறு மாதிரி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "நாங்க அங்க கஷ்டப்பட்டு வெடிமருந்து செய்யறோம், நீங்க இங்க வெடிக்கிறத வெட்டிப்போடறீங்களேம்மா!"

எங்கூட்டுக்காரி பாக்கோணும்

மயில்சாமி பைக்காராவில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவர். வீடு சோலூரில். ஒரு காலை இழுத்து நடப்பார். போன வருஷம் கடைக்கு வந்து, என்னிடமே பல வருஷம் முன்பு வாங்கிய ஒரு டிஸ்க்கை நீட்டினார். பைக்காராப் பக்கம் எடுத்த சண்டைப் படம் அது. அதில் ஒரு ஜீப் மேட்டிலேறி மூன்று முறை உருளும். ஓட்டியது கதாநாயகன் இல்லை, அவனுக்கு டூப்பாக அவன் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்ட மயில்சாமி. கால் ஒடிந்ததும் அன்றைக்குத்தான்.

அவர் மனைவி ரங்கநாயகி அதை நம்பவே இல்லை. ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் குடித்துவிட்டு ஜீப்பை உருட்டிவிட்டார் என்பது அவள் முடிவு. அப்போது அவருக்குக் குடிப்பழக்கம் இருந்ததும் உண்மை. படம் ஊட்டியில் ஓடியதே ஒரு வாரம், அந்த வாரம் இருவரும் காலில் இரண்டாவது ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில். பிறகு என் கடையில் டிஸ்க் வாங்கி, சொந்தக்காரர்களையெல்லாம் உட்காரவைத்துப் பெருமையாகப் போட்டிருக்கிறார். ஜீப் மேட்டில் ஏறியது. அடுத்த காட்சியில் கதாநாயகன் கட்டிலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். உருண்ட இடம் போன இடம் தெரியவில்லை. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

அந்த டிஸ்க்கை விற்றவள் நான். எனக்கு முகம் எரிந்தது. இணையத்திலும் அதே வெட்டுப்பட்ட படம்தான் கிடந்தது. முழுப்படத்தைத் தேடி எடுக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மயில்சாமி வாசல்படியில் நின்று சொன்னார்: "நான் பாக்க வேண்டாமுங்க அக்கா. எங்கூட்டுக்காரி ஒருக்கா பாத்தாப் போதும்."

பாதி ஜீப்

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டம்மா செல்லம்மாவின் தம்பி மலேசியாவில் இருக்கிறார். நச்சரித்து, நச்சரித்து, அவர் மூலம் அந்த ஊர் டிஸ்க்கை வரவழைத்தேன். கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு நானும் செல்லம்மாவும் போட்டுப் பார்த்தோம். ஜீப் ஏறியது, ஒரு முறை உருண்டது, நான் எழுந்தே நின்றுவிட்டேன். அதோடு சரி. ரத்தம் வருகிற இடம் என்று அதற்குமேல் எடுத்துவிட்டார்கள். ஓட்டியவர் முகம் தெரியும் முன்பே படம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்தில் ரிமோட்டை எறிந்தேன். செல்லம்மா அதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அங்கிட்டு உள்ளவன் பாதியை வெட்டுறான், இங்கிட்டு உள்ளவன் முழுசையும் வெட்டுறான். மூணாவது ஊருக்காரனைக் கேளு புள்ள, சும்மா குந்தியிருக்காத."

அரைக் கட்டை

மூன்றாவது ஊர் பாரிஸ். வாடிக்கையாளர் ஒருவரின் நாத்தனார் அங்கிருந்து அனுப்பினார். உறையைத் திருப்பினேன்: நூற்று நாற்பத்து நான்கு நிமிடம். நம்மூர் டிஸ்க்கில் போட்டிருப்பது நூற்று நாற்பத்தாறு. நம்முடையதைவிட இரண்டு நிமிடம் குறைச்சல்! இதில் இன்னும் வெட்டியிருக்கிறான் என்று போட்டுக்கூடப் பார்க்காமல் அலமாரியில் செருகினேன். அனுபவசாலி இல்லையா, உறையைப் பார்த்தே படத்தை எடைபோடுகிறவள்! மயில்சாமிக்குப் போன் செய்து இல்லை என்று சொன்னபோது அவர் சரி என்று போனை வைத்துவிட்டார்.

நாலு மாதம் கழித்து, கடை டிவியில் பாட்டாவது ஓடட்டும் என்று அதே டிஸ்க்கைப் போட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த பள்ளிக்கூடப் பாட்டு வாத்தியார் காகிதத்தை விட்டுவிட்டு டிவியையே பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க, இந்தப் பாட்டு கிட்டத்தட்ட அரைக் கட்டை சுருதி ஏறிக் கேக்குதுங்க. படத்தை வேகமா ஓட்டறீங்களா?"

சோலூர் பஸ்

அப்போதுதான் உறைத்தது. சினிமா வினாடிக்கு இருபத்து நான்கு ஃபிரேமாக ஓடும், நம்மூர் டிஸ்க்கும் அதே வேகம்தான். ஐரோப்பா டிஸ்க்கில் அது இருபத்தைந்தாக ஓடும். அதனால் பாட்டு சுருதி ஏறும், படம் சீக்கிரம் முடியும். அந்த நூற்று நாற்பத்து நான்கு நிமிடத்தைத் தியேட்டர் வேகத்தில் ஓட்டினால் நூற்றைம்பது! நம்முடையதைவிட நாலு நிமிடம் அதிகம். இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இது தெரியாமல் ஒரு மனிதரை நாலு மாதம் தவிக்கவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஓட்டிப் பார்த்தேன். ஜீப் உருண்டது, மூன்று முறையும் உருண்டது. கடைசியில் உடைந்த கண்ணாடிக்குள் சிவப்புச் சட்டையில் மயில்சாமி முகம்.

வெளிநாட்டு டிஸ்க் சாதாரண பிளேயரில் ஓடாது. என் கடையிலிருக்கும் சீனப் பிளேயர் எதைக் கொடுத்தாலும் விழுங்கும். அதைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மழையில் இரண்டு பஸ் மாறி, மத்தியானம் சோலூர் போய்ச் சேர்ந்தேன். ரங்கநாயகி கேரட் கழுவிக்கொண்டிருந்த கையோடு வந்து நின்றாள். அவர்கள் டிவியில் மாட்டி ஓட்டி, முகம் வந்த இடத்தில் நிறுத்தினேன். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது தடவை கீழே உட்கார்ந்து மயில்சாமியின் காலைத் தொட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, எனக்கும்தான். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து ஈரக் கையை நீட்டினாள்: "ஏனுங்க, இத்தன வருசமாக் குடிச்சுப்போட்டு உருட்டுனதுன்னு உங்களைப் பேசிப்போட்டனே! குடிக்காமயே இப்படி உருட்டற ஆளுன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே இதைக் கேட்டிருப்பனே, குடுங்க அந்த ஜீப்புச் சாவிய."

வெட்டுப்பட்ட படம் எந்த நாட்டிலாவது முழுசாகக் கிடைத்துவிடும், ரங்கநாயகி இடுப்பில் செருகிக்கொண்ட சாவியை மீட்கும் வழிதான் இன்னும் எந்த நாட்டு டிஸ்க்கிலும் வரவில்லை.