கடைசிக் காட்சியில் காலில் விழுவது

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் இளைஞர் மன்றம் பொங்கலுக்குப் போட்ட நாடகங்களில், கதாநாயகி கடைசியில் அப்பாவின் காலில் விழுவாள். ஒரு வருஷம் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட குற்றம், இன்னொரு வருஷம் சொல்லாமல் சினிமாவுக்குப் போன குற்றம். குற்றம் மாறும், கால் மாறாது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் மன்றச் செயலாளர் மாமா. நாடகத்தை எழுதுவதும் அவர், அப்பா வேஷம் கட்டுவதும் அவர்.

எனக்கு அப்போது பதினொரு வயது. டில்லியிலேயே பிறந்த பிள்ளைகள் தமிழ் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பார்கள். மேடை ஏறியதும் பாதி மறந்துபோகும். அம்மா வாரப்பத்திரிகைகளை வைத்து எனக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுத் தந்திருந்ததால், படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒத்திகையில் ஒரு பையன் திருதிருவென்று விழித்தபோது எரிச்சலில் "ஜல்தி சொல்லுடா" என்றேன். அவன் அதையும் கையை நீட்டி, கம்பீரமாக, செயலாளர் மாமாவைப் பார்த்துச் சொன்னான். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் நாடகம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோனது.

அந்த வருஷக் கதாநாயகி என் அக்கா. பன்னிரண்டாம் வகுப்பு. புனேயில் விடுதியில் தங்கிச் சட்டம் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா கூடவே கூடாது என்றார். செயலாளர் மாமாவிடமும் போய்ப் புலம்பியிருக்கிறார். மாமா அதையே நாடகமாக்கிவிட்டார். வெளியூர் விடுதிக்கு ஆசைப்பட்ட பெண், கடைசியில் மன்னிப்புக் கேட்டுக் காலில் விழுகிறாள். காலனி முன்னால் அவள் வாயாலேயே சொல்லிவிட்டால் வீட்டு வழக்கும் தீர்ந்தது என்று அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு முடிவு ஒன்றை எழுதி அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்துவிட்டு, எடுத்துக்கொடுக்கிற பெண் எடுத்துக்கொடுத்தால் போதும் என்றார். சரி, எடுத்தே கொடுக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

நாடகத்தன்று காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே அக்கா அந்த மன்னிப்பு வசனத்தை ஒரு பிசகில்லாமல் ஒப்பித்தாள். எனக்கு அவள்மேல்கூடக் கோபம் வந்தது.

மாலையில் கடைசிக் காட்சி. மாமா முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார். முதல் வரிசையில் அப்பா. நடுமேடைக்கு வந்த அக்கா வாயைத் திறக்கவில்லை. பிறகு மெல்ல என் பக்கமாக நகர்ந்து வந்து, படுதாவை நோக்கிக் காதைச் சாய்த்தாள். நான் என் வசனத்தைக் கொடுத்தேன்.

"நான் போய்ப் படிக்கத்தான் போறேன். யார் கால்லயும் விழ மாட்டேன்" என்றாள் அக்கா.

கடைசி வரிசையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். மாமாவுக்கு அடுத்த வசனம், "எழுந்திரு மகளே." விழாமல் நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்து அவர் அதைச் சொல்லியும் தொலைத்தார். கூடமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னைத்தான் பிடித்தார். "ஏட்டி, வசனத்த மாத்த உனக்கு யாரு தைரியம் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நாந்தான் மாத்துனேன்."

நான் அழவில்லை; எதற்காக அழ வேண்டும்? இனிமேல் படுதாப் பக்கமே வரக்கூடாது என்று மன்றம் சொல்லிவிட்டது. அப்பாவிடமோ, மார்க்கெட்டில் பார்த்தவர்கள் எல்லாம் பெண் எப்போது புனே போகிறாள் என்று கேட்டுவைத்தார்கள். காலனி முன்னால் சொன்ன சொல்லுக்கு இருக்கும் பலம், அவர் நினைத்ததற்கு நேர்மாறாக வேலை செய்தது. ஜூன் மாதம் அவரே போய்ப் பெட்டி வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்லூரியில் தெருநாடகம், முனிர்காப் பகுதியில் ஒரு வாடகை அறையில் யாரும் போட முன்வராத நாடகங்கள், அப்புறம் ஒருவழியாக என் பெயர் அச்சான நுழைவுச்சீட்டுகள். இப்போது எழுதித்தான் சாப்பிடுகிறேன். கடைசிக் காட்சியில் கொஞ்சம் பணிந்துபோகச் சொல்லும் தயாரிப்பாளர்கள் இன்றும் வருகிறார்கள். முடியாது என்று சொல்லி அனுப்புகிறேன்.

முதல் நாடகம் எது என்று கேட்டால் அந்த ஒற்றை வசனத்தைத்தான் சொல்வேன். தமிழ் தடுமாறும் அக்கா காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னாள், அவளைக் கரையேற்றியது நான்தான் என்று வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டும் இருந்தேன். காலையில் அத்தனை சுத்தமாக ஒப்பித்தவள், மாலையில் எதற்காக என்னிடம் வந்து காதைக் கொடுத்தாள் என்று அந்தப் பதினொரு வயதுக்குத் தோன்றவே இல்லை.