டொமினிக்கின் தோள் உயரம்

என் வீட்டுக்காரர் டொமினிக், நாற்பத்தாறு வயதில், சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் நின்றுகொண்டே வேலைக்குப் போனவர். இந்திராநகரில் ஓர் அப்பார்ட்மெண்டில் லிஃப்ட் பராமரிப்பு அவருக்கு. அங்கே குடியிருந்து வெளிநாட்டுக்குப் போன ஒரு குடும்பம், ஸ்கூட்டரைக் காட்டி "வேணுமா டொமினிக்?" என்று கேட்டிருக்கிறது. எதையும் வேண்டாம் என்று சொல்ல இவருக்கு வாய் வராது. சீட் கிடையாது, ஒரு பலகை, இரண்டு குட்டிச் சக்கரம், ஒரு கைப்பிடி. அதில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு மர்பி டவுன் சந்தில் விறைப்பாக நின்றபடி போவார். எனக்கு மானம் போகும்.

"ஹெல்மெட்டாவது போட்டுக்கங்க" என்பேன்.

"இதுக்குப் போய் ஹெல்மெட்டா ஜூடி? நான் ரோட்டுல இறங்கறதே இல்ல. ஃபுட்பாத் மேலயே போயிடறேன். சேஃப்."

பெங்களூரில் ஃபுட்பாத்தை நம்பிய ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம். மழை விட்டதும் பழைய மெட்ராஸ் ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றுவிட்டன. அப்படி நின்றால் இந்த ஊரில் பைக் ஓட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கவியரசன் என்கிறவனும் அதையே செய்தான், பைக்கை ஃபுட்பாத்தில் ஏற்றினான். எதிரே இவர். பைக் இடித்த வேகத்தில் இவர் தூக்கி எறியப்பட்டு வலது தோள் தரையில் அடிபட, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற காறை எலும்பு முறிந்தது. தாடை முழுக்கச் சிராய்ப்பு. சாப்பாட்டு டப்பாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கவியரசன் சட்டையெல்லாம் இவர் ரத்தத்தோடு நின்றிருந்தான். திருவண்ணாமலைப் பக்கத்து ஆள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?" என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன்.

"தப்புதான்க்கா."

"விடு ஜூடி" என்றார் இவர். "நானும் ஃபுட்பாத்துலதான வந்தேன்."

ஆறு வாரத்துக்குத் தோளில் பாரமே ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அதுவரை வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்த மனிதருக்கு அப்போதுதான் முகம் செத்துப்போனது. ஏன் என்று எனக்குத் தெரியும். செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்தநாள்.

அன்றைக்கு எங்கள் தெரு மாதாவைச் சப்பரத்தில் வைத்துத் தோளில் சுமந்து போவோம். எங்கள் மகள் டீனா குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் தூக்குகிறேன் என்று இவர் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, இப்போது காலேஜுக்குப் போகிறது. இவரும் ஒரு வருஷம் தவறியதில்லை. முன்வரிசையில் இவரும், இவர் சிநேகிதன் கிளிஃபர்ட்டும். இருவரும் குள்ளம், ஒரே உயரம். முன்னால் இருக்கிற இரண்டு தோளும் சமமாக இல்லாவிட்டால் சப்பரம் ஒரு பக்கமாகச் சாயும்.

கிளிஃபர்ட் வந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஜோடியா நிக்கத் தெருவுல ஆள் இல்லயே டொமினிக். எல்லாம் பனைமரமா இருக்கானுங்க. இந்த வருஷம் மாதாவ லக்கேஜ் ஆட்டோல வெச்சுடலாம்" என்றான்.

அவன் போனதும் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னாலதான மாதா ஆட்டோல போறாங்க" என்றார். கண்ணாடிப் பெட்டி நாட்களுக்கு அப்புறம் இவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். என் கோபமெல்லாம் அந்தக் கவியரசன் மேல்தான் போனது.

அவனோ தினமும் ஆபீஸ் விட்டு சப்போட்டா, இளநீர் என்று எதையாவது வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். நான் வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன். உள்ளே வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அழுததற்கு மறுநாள் இவர் கிளிஃபர்ட்டை வரச் சொன்னார். கவியரசன் குரல் வாசலில் கேட்டதும், "கவி, உள்ள வாப்பா. கிளிஃபர்ட், நீ அவன் பக்கத்துல போய் நில்லு" என்றார்.

இருவரும் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். தோளும் தோளும் இம்மி பிசகவில்லை.

"எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றான் கிளிஃபர்ட்.

"அன்னைக்கு என்னை ஆட்டோ வரைக்கும் தாங்கிட்டுப் போனது இவன்தான். இடது கைய இவன் தோள்ல போட்டிருந்தேன். வலியில உயிர் போவுது, ஆனா தோளு மட்டும் ஏறல இறங்கல. உன் தோள்ல கை போட்ட மாதிரியே இருந்துச்சு."

விஷயத்தைச் சொன்னதும் கவியரசன் தயங்கினான். "எங்க ஊர்ல மாரியம்மன தூக்கியிருக்கேன்ணா. ஆனா..." என்று என்னைப் பார்த்தான்.

இவரும் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்வேன்?

"தூக்கறவங்க ஒரு வாரம் கவுச்சி தொடக் கூடாது" என்றேன். "முடியுமா உன்னால?"

"முடியும்க்கா."

எட்டாம் தேதி, சப்பரத் தடி அழுத்தாமல் இருக்க வருஷா வருஷம் இவர் தோளுக்கு மடித்துக் கொடுக்கிற துண்டை எடுத்துக்கொண்டு போனேன். கவியரசன் தோளில் அதை வைக்கும்போது கை ஒரு நொடி நின்றது. பிறகு நன்றாக அழுத்தி வைத்தேன். மாதா சாயாமல் எழுந்தாள். இவர் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். "கவி, மெதுவா... முன்னாடி ஸ்பீட் பிரேக்கர்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அவன் அன்றைக்கு ஓரடிகூட அவசரமாக வைக்கவில்லை.

சப்பரத்தை இறக்கி எங்கள் வாசலுக்கு வந்தபோது அவன் தோள் கன்றிச் சிவந்திருந்தது.

"வலிக்குதா?" என்றார் இவர்.

"வலிக்குதுண்ணா."

"எனக்கும்தான்டா."

இருவரும் சிரித்தார்கள். நான் தைலத்தைக் கொண்டுவந்து, யாருக்கு முதலில் தடவுவது என்று தெரியாமல் நின்றேன். இவர் அவனைக் காட்டினார். வாசலில் வைத்தே தடவிவிட்டேன். நான் கை துடைப்பதற்குள் அவன் வழக்கம்போல அங்கிருந்தே கிளம்பப் பார்த்தான்.

"எங்க போற? உள்ள வா தம்பி" என்றேன். "ஒரு வாரம் வாயக் கட்டிட்டு இருந்திருக்க. பிரியாணி ஆறுது."